பழைய மர மேஜைக்குப் புது பெயிண்ட், தேஞ்ச மாதிரி ஃபினிஷ்: வீட்லயே பண்ற முறை

பரண் மேலயோ மொட்டை மாடி ரூம்லயோ ஒரு பழைய மேஜை கெடக்கும், ஒரே ஒரு டிராயர், வார்னிஷ் கறுத்துப் போய் அங்கங்க உரிஞ்சிருக்கும், ஒரு கால் லேசா ஆடும். பழைய சாமான் எடுக்கிறவர்கிட்ட போட்டா ஒண்ணும் பெருசா கெடைக்காது. ஆனா அந்த மேஜையோட மரம் இன்னிக்கு கடைல விக்கிற பார்ட்டிகிள் போர்டு சாமான விட எவ்வளவோ உறுதியானது, அதுக்கு வேண்டியது கொஞ்சம் பொறுமையும் ஒரு அரை லிட்டர் பெயிண்ட்டும்தான். பெயிண்ட் அடிச்சு, ஓரங்கள்ல தேச்சு விட்டு, பல வருஷம் கைபட்டு தேஞ்ச மாதிரி கொண்டு வர்றத பத்திதான் இங்க எழுதறேன். இதுக்கு டிஸ்ட்ரெஸ்டு ஃபினிஷ்னு பேரு.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இதுல நான் ரொம்ப பிடிவாதமா இருப்பேன். எல்லா மரத்துக்கும் பெயிண்ட் அடிக்கக் கூடாது. தேக்கு, ஈட்டி, கருங்காலி இதெல்லாம் கைல இருந்தா தயவுசெஞ்சு பெயிண்ட் டப்பாவ தூர வெச்சிடுங்க. அழுக்க எடுத்துட்டு பாலிஷ் போட்டாலே அது ஜொலிக்கும், அந்த ரேகைய மூடிட்டா திரும்ப கொண்டு வர்றது பெரும்பாடு, விக்கணும்னு நெனச்சாலும் விலை போகாது. பெயிண்ட்டுக்கு ஏத்தது மாமரம், வேம்பு, ரப்பர் மரம், பல மரத்த கலந்து பண்ணின நாட்டு சாமான், ஏற்கனவே யாரோ எனாமல் அடிச்சு வெச்சது, பிளைவுட். என்ன மரம்னு தெரியலைன்னா டிராயரோட அடிப்பக்கம், பின்பக்கம் எங்கயாச்சும் ஒரு சின்ன இடத்துல தேச்சுப் பாருங்க, இல்ல தெரிஞ்ச ஆசாரி ஒருத்தர்கிட்ட காட்டுங்க, பாத்த உடனே சொல்லிடுவாரு. பார்ட்டிகிள் போர்டு தண்ணி பட்டு ஓரம் உப்பிப் போயிருந்தா அத விட்டுடுங்க, அதுக்கு மேல எத அடிச்சாலும் நிக்காது.

அடுத்து பூச்சி. குண்டூசி முனை மாதிரி ஓட்டை இருந்து, தட்டினா மாவா கொட்டுச்சுன்னா உள்ள வண்டு இன்னும் உயிரோட இருக்குன்னு அர்த்தம். கரையான் மருந்து பெயிண்ட் கடைலயே கெடைக்கும், டப்பால போட்டிருக்கிற அளவுப்படி ஊசி போடற சிரிஞ்ச்ல எடுத்து ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும் விட்டு, கையுறை போட்டுகிட்டு, வெளிப்புறத்துல வெச்சு பண்ணுங்க. அப்புறம் மேஜைக்கு அடியில ஒரு கறுப்பு துணியோ பேப்பரோ விரிச்சு ரெண்டு வாரம் விட்டுடுங்க. புதுசா மாவு விழலைன்னா வேலைய ஆரம்பிக்கலாம். விழுந்தா திரும்ப மருந்து. இத பண்ணாம பெயிண்ட் அடிச்சா மேல அழகா இருக்கும், உள்ள சத்தமில்லாம அரிச்சுகிட்டே இருக்கும்.

இப்ப சொல்றது ரொம்ப முக்கியம், குழந்தைங்க இருக்கிற வீட்டுக்காரங்க கட்டாயம் படிங்க. பழைய எனாமல் பெயிண்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். நம்ம நாட்ல வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு (அதாவது பத்து லட்சம் பங்குல 90 பங்குக்கு) மேல இருக்கக் கூடாதுன்னு 2016-ல விதி கொண்டு வந்து, 2017 நவம்பர்ல இருந்துதான் அது அமலுக்கு வந்துச்சு. அதனால அதுக்கு முன்னாடி அடிச்ச கலர் பெயிண்ட் எதுவா இருந்தாலும் ஈயம் இருக்குன்னே வெச்சுகிட்டு வேலை பாருங்க. மெஷின் போட்டோ காய்ஞ்ச நெலைலயோ தேய்க்கவே வேண்டாம், அந்தத் தூசிதான் விஷம். தண்ணி தெளிச்சு ஈரமா வெச்சுகிட்டு வாட்டர் பேப்பர்ல தேய்ங்க, நல்ல மாஸ்க் போடுங்க, கர்ப்பிணிகளும் சின்னப் பசங்களும் அந்தப் பக்கமே வர வேண்டாம், வர்ற சேற பழைய துணில வழிச்சு கவர்ல கட்டிப் போடுங்க, வாசல் மண்ணுலயோ செடிக்கோ கொட்டாதீங்க. தொட்டில், குழந்தைங்க கடிக்கிற மாதிரி இருக்கிற நாற்காலி இதுல எல்லாம் பழைய பெயிண்ட் இருந்தா அந்த சாமானுக்கு தேஞ்ச ஃபினிஷே வேண்டாம், ஏன்னா தேய்க்கிறப்ப பழைய அடுக்கு வெளிய வந்துடும்.

கழுவறது. நெறைய பேர் இத தாண்டிப் போயிடறாங்க. சமையல் ரூம்ல இருந்த அலமாரின்னா எண்ணெப் பிசுக்கு, சாமி ரூம்ல இருந்த பலகைன்னா விளக்கெண்ணெ, குங்குமம், கற்பூரப் புகை எல்லாம் மரத்துல ஊறியிருக்கும். உப்புத்தாள் போட்டு தேய்க்கிறதுக்கு முன்னாடியே இத எடுத்தாகணும், இல்லைன்னா தேய்க்கத் தேய்க்க அந்த எண்ணெய மரத்துக்குள்ளயே அழுத்தி விட்ட மாதிரி ஆகிடும். பாத்திரம் வெளக்குற லிக்விட் கொஞ்சம் வெந்நில கலந்து, துணிய நல்லா பிழிஞ்சு தொடைங்க, தண்ணிய ஊத்தாதீங்க. அப்படியும் போகலைன்னா டர்பன்டைன் தொட்டு தொடைச்சு, நெழல்ல ஒரு நாள் காய விடுங்க. கைப்பிடி, கீல், நாதாங்கி எல்லாத்தையும் கழுவறதுக்கு முன்னாடியே கழட்டி ஒரு டப்பால போட்டு வெச்சுக்கோங்க, ஸ்க்ரூ துரு பிடிச்சு வரலைன்னா ஒரு சொட்டு மண்ணெண்ணெயோ தேங்காயெண்ணெயோ விட்டு ராத்திரி பூரா விட்டா காலைல எளகிடும். பித்தளை கைப்பிடிய புளி போட்டு தேச்சாலே போதும், ஆனா முழுசா பளபளன்னு ஆக்காதீங்க, பள்ளத்துல இருக்கிற கறுப்ப அப்படியே விட்டா தேஞ்ச பெயிண்ட்டுக்குப் பக்கத்துல பிரமாதமா இருக்கும்.

ஆடற கால பெயிண்ட்டுக்கு முன்னாடி சரி பண்ணிடணும். மூட்டக் கழட்டி பழைய பசைய சுரண்டி எடுத்துட்டு, புதுசா ஃபெவிகால் வெச்சு, சேத்து, கயிறு சுத்தி ஒரு குச்சி விட்டு முறுக்கி இறுக்கினா கிளாம்ப் இல்லாமலே நல்லா பிடிக்கும், 24 மணி நேரம் தொடாதீங்க. ஓட்டை, விரிசலுக்கு வுட் புட்டி, இல்லைன்னா மரத்தூள ஃபெவிகால்ல கொழச்சு பட்டி பாக்கலாம். எல்லா கீறலையும் அடைக்கணும்னு இல்ல. நாம பண்ணப் போறதே பழசா தெரியிற ஃபினிஷ், கொஞ்சம் கீறல், ஒரு சின்ன அடி இருக்கிறது அதுக்கு அழகுதான். கைல குத்துற இடத்தையும் டிராயர் சிக்குற இடத்தையும் மட்டும் சரி பண்ணுங்க.

தேய்க்கிறதுக்கு 120 நம்பர் உப்புத்தாள்ல ஆரம்பிச்சு 220-ல முடிங்க, வார்னிஷ் தடியா உரிஞ்சு தொங்குதுன்னா மட்டும் 80. மரத்தோட ரேகை போற பக்கமாவே தேய்ங்க, குறுக்க தேச்சா அந்தக் கோடு பெயிண்ட்டுக்கு மேலயும் தெரியும். மரம் முழுசா வெளிய வரணும்னு அவசியமில்ல, பளபளப்பு போய் மங்கலா ஆனாலே பெயிண்ட் பிடிக்கும். சன்மைக்கா ஒட்டின மேஜைன்னா இன்னும் கொஞ்சம் அழுத்தி சொரசொரப்பு பண்ணணும், அதுக்கு நல்லா ஒட்டுற பிரைமர், அதாவது பெயிண்ட்டுக்கு முன்னாடி அடிக்கிற அடிப்பூச்சு, தனியா கேட்டு வாங்கணும். தேச்சு முடிச்சதும் தூசிய ப்ரஷ்ல தட்டி, ஈரத்துணில ஒரு தடவை தொடைச்சிடுங்க.

பிரைமர் விஷயத்துல ஒரு சிக்கல் இருக்கு, வெள்ளை, க்ரீம் மாதிரி வெளிர் கலர் அடிக்கிறவங்களுக்குத்தான் அது தெரியும். அடிச்ச அன்னிக்கு சுத்தமா இருக்கும், ரெண்டு நாள்ல அங்கங்க மஞ்சளா, காப்பிக் கறை மாதிரி மேல வரும். எத்தனை கோட் அடிச்சாலும் திரும்ப திரும்ப வரும். மரத்துல இருக்கிற டானின்னு ஒரு பொருளும் பழைய பாலிஷ்ல இருக்கிற சாயமும் தண்ணி பெயிண்ட்ல கரைஞ்சு மேல ஏறி வர்றதுதான் இது. இத நிறுத்தறதுக்கு அரக்கு. ஆமா, நம்ம ஆசாரிங்க ஸ்பிரிட்ல கரைச்சு அடிக்கிற அதே ஃப்ரெஞ்ச் பாலிஷ்தான், மெலிசா ரெண்டு கோட், காய்ஞ்சதும் 320 பேப்பர்ல லேசா ஒரு தடவு, அப்புறம் பிரைமர். வெளிநாட்ல இதுக்குன்னு டப்பா போட்டு விக்கிறதும் அரக்கு கலந்த பிரைமர்தான், அரக்கு அதிகமா வெளையறது நம்ம ஜார்கண்ட்ல. அடர் கலர் அடிக்கிறவங்களுக்கு இந்தக் கவலை இல்ல, வெள்ளை வுட் பிரைமர் ஒரு கோட் போதும்.

பெயிண்ட்டுக்கு வருவோம். இந்த மாதிரி ஃபினிஷுக்கு உலகம் பூரா பேசறது சாக் பெயிண்ட். 1990-ல இங்கிலாந்துல ஆனி ஸ்லோன்னு ஒரு அம்மா கொண்டு வந்தது, மேல பளபளப்பே இல்லாம சுண்ணாம்பு பூசின சுவர் மாதிரி மங்கலா காயும், லேசா தேச்சாலே மாவா உதிரும், அதனாலதான் தேஞ்ச லுக் கொண்டு வர ரொம்ப சுலபம். இங்க ஆன்லைன்ல கெடைக்குது, விலைதான் கொஞ்சம் கூட. வீட்லயே கலக்கலாம், நல்லாவே வரும். பளபளப்பு இல்லாத மேட் எமல்ஷன் (சுவருக்கு அடிக்கிற தண்ணி பெயிண்ட்) ஒரு கப், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மூணுல ஒரு பங்கு கப், தண்ணி மூணுல ஒரு பங்கு கப். மொதல்ல பிளாஸ்டர தண்ணில கட்டியில்லாம கரைங்க, அப்புறம்தான் பெயிண்ட்ல ஊத்தி கலக்கணும், பவுடர நேரா பெயிண்ட்ல போட்டா கட்டி கட்டியா நின்னுடும். இது கொஞ்ச நேரத்துல இறுக ஆரம்பிச்சிடும், அதனால ஒரு கோட்டுக்கு வேண்டிய அளவு மட்டும் கலந்து உடனே அடிங்க, மிச்சத்த சிங்க்ல ஊத்தாதீங்க, பைப் அடைச்சுக்கும். அவசரப்பட வேண்டாம்னு நெனக்கிறவங்க பிளாஸ்டருக்கு பதிலா கால்சியம் கார்பனேட் பவுடர் போடலாம், அது இறுகாது. கோலமாவு போடலாமான்னு கேப்பாங்க, வேண்டாம், கல் மாவு கரடுமுரடா இருக்கும், தேய்க்கிறப்ப கீறல் கீறலா விழும்.

எனாமல்ல இந்த ஃபினிஷ் பண்ண முடியாதான்னா, முடியும், ஆனா எனக்கு பிடிக்கல. அது தோல் மாதிரி இழுத்துகிட்டு உரியும், மாவா தேயாது, பளபளப்பும் பழசுங்கிற உணர்வ கெடுத்துடும். எனாமல இரும்பு சாமானுக்கு வெச்சுக்கோங்க. டிரங்குப் பெட்டி, ஸ்டீல் பீரோவுக்கு ரெட் ஆக்ஸைடு பிரைமர் அடிச்சு மேல எனாமல் அடிச்சா வருஷக்கணக்குல நிக்கும். இரும்புல ஓரத்த தேச்சு விடற வேலையே வேண்டாம், தேச்ச எடத்துல அடுத்த மழைக்காலத்துல துரு வந்து நிக்கும்.

கலர் ரெண்டு போதும். அடியில ஒண்ணு, மேல ஒண்ணு. மூணாவது சேந்தா கண்ணு எங்க நிக்கணும்னு தெரியாம அலையுது. அடியில அடர்த்தியா, மேல வெளிரா வெச்சா தேஞ்ச இடம் நல்லா எடுத்துக் காட்டும். இல்ல, அடியில பெயிண்ட்டே வேண்டாம்னு மரத்தையே விட்டுடலாம், மேல பெயிண்ட் தேயற எடத்துல மரம் தெரியும். நான் அடிக்கடி போறது அடியில காவிச் சிவப்பு, மேல நம்ம பழைய வீட்டு ஜன்னல்கள்ல இருக்குமே அந்த வெளிர் பச்சை, இல்லைன்னா அடியில கரு நீலம் மேல மோர் நிறம். வெளிநாட்டு படங்கள்ல எல்லாமே வெள்ளையும் சாம்பலுமா இருக்கும், அங்க வெயில் கம்மி, வெளிச்சம் வேணும்னு வெச்சுக்கறாங்க. நம்ம வீட்டு சிவப்புத் தரைக்கும், ஆத்தங்குடி கல்லுக்கும் அழுத்தமான பச்சையும் நீலமும்தான் ஒட்டி நிக்குது.

ரெண்டு கலருக்கு நடுவுல ஒரு வேலை இருக்கு, அதுதான் இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது. அடிக் கலர் நல்லா காய்ஞ்சதும், சாதாரண வெள்ளை மெழுகுவர்த்திய எடுத்து, எந்த எடம் தேஞ்சு தெரியணுமோ அங்க மட்டும் தடவுங்க. மேல ரெண்டாவது கலர் அடிச்சு காய்ஞ்சதும், மெழுகு இருக்கிற எடத்துல பெயிண்ட் ஒட்டியிருக்காது, பட்டி பிளேடால லேசா தட்டினாலே உதிர்ந்து அடிக் கலர் வெளிய வரும். உப்புத்தாள் போட்டு தேச்சா வர்றத விட இது உண்மையா இருக்கும், ஏன்னா ஓரம் ஒழுங்கில்லாம, செதில் செதிலா பேந்த மாதிரி வருது. வேலை முடிஞ்சதும் அந்த இடங்கள டர்பன்டைன் தொட்ட துணியால தொடைச்சு மெழுகு இல்லாம பண்ணிடுங்க, இல்லைன்னா கடைசில அடிக்கிற வார்னிஷ் அங்க பிடிக்காது.

எங்க தேய்க்கிறதுங்கிறதுதான் இந்த வேலையோட உயிரே. நெறைய பேர் பண்ற மேஜைய பாத்தா நாலு ஓரமும் ஒரே அளவுல, ஸ்கேல் வெச்ச மாதிரி தேச்சிருப்பாங்க, பாத்ததும் செயற்கைன்னு தெரிஞ்சிடும். உண்மையா ஒரு சாமான் எப்படி தேயுதுன்னு போய் பாருங்க. காரைக்குடில பழைய சாமான் விக்கிற முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒரு தடவை போனா கண்ணு தெறந்துடும், அவ்வளவு தூரம் வேண்டாம்னா உங்க ஊர்லயே ஒரு பழைய வீட்டு நிலைக்கதவ பாருங்க. நாதாங்கிய சுத்தி தேஞ்சிருக்கும், கை வெச்சு தள்ளற உயரத்துல ஒரு பக்கம் மட்டும் வழவழன்னு மரம் தெரியும், அடியில கால் படற எடமும் வாசல் கழுவற தண்ணி தெறிக்கிற எடமும் வெளுத்து உரிஞ்சிருக்கும், மேல் மூலைல பெயிண்ட் அப்படியே புதுசா இருக்கும். அதே கணக்குதான் மேஜைக்கும். டிராயர் கைப்பிடிய சுத்தி, முன் ஓரத்துல கை ஊன்ற நடு எடம், காலோட கீழ்ப்பகுதில தொடைப்பக்கட்டை இடிக்கிற எடம், நாற்காலின்னா கைப்பிடியோட முனையும் முன் குறுக்குச் சட்டமும். பின் காலுக்கும் உள்பக்கத்துக்கும் யார் கையும் போகாது, அத தொடாதீங்க. வலது கைக்காரர் வீட்டு மேஜைல வலது பக்கம் கூட தேஞ்சிருக்கும், இந்த மாதிரி ஒரு வித்தியாசம் இருந்தாதான் கண்ணு நம்பும்.

தேய்க்க 220 பேப்பர், கொஞ்சம் தேச்சுட்டு நாலு அடி தள்ளி நின்னு பாத்துட்டு மறுபடி தேய்ங்க. கூட தேய்க்கிறது எப்ப வேணா பண்ணலாம். சாக் பெயிண்ட்டுக்கு இன்னொரு வழி, ஈரத்துணி. பெயிண்ட் காய்ஞ்ச அன்னிக்கே ஈரத்துணிய வெச்சு ஓரத்துல அழுத்தித் தொடைச்சா தூசியே இல்லாம கரைஞ்சு வரும், ஓரம் ரொம்ப மென்மையா இருக்கும், வீட்டுக்குள்ள வெச்சு வேலை பாக்கிறவங்களுக்கு இதுதான் நல்லது. சங்கிலியால அடிச்சு பள்ளம் பண்றது, ட்ரில் போட்டு பூச்சி ஓட்டை மாதிரி பண்றதெல்லாம் சிலர் சொல்லித் தராங்க, எனக்கு அதுல சம்மதமே இல்ல, நல்லா இருக்கிற மரத்த எதுக்கு காயப்படுத்தணும், அப்புறம் நெஜமாவே பூச்சி வந்தா எது எதுன்னும் தெரியாது.

வெடிப்பு விட்ட மாதிரி வேணும்னா அதுக்கும் ஃபெவிகால் போதும். அடிக் கலர் மேல ஃபெவிகால ப்ரஷ்ல ஒரே சீரா தடவி, தொட்டா பிசுபிசுன்னு ஒட்டுற பதம் வந்ததும் மேல எமல்ஷன ஒரே இழுப்பா அடிங்க, அடிச்ச எடத்துல திரும்ப ப்ரஷ் வெக்கவே கூடாது. கண்ணு முன்னாடியே வெடிக்க ஆரம்பிக்கும். பசை தடியா இருந்தா பெரிய வெடிப்பு, மெலிசா இருந்தா சின்னது. ஒரு வேண்டாத பலகைல பாத்துட்டு அப்புறம் பண்ணுங்க. டிராயர் முகப்பு, கண்ணாடி ஃப்ரேம் இந்த மாதிரி சின்ன எடத்துக்குதான் இது, மேஜை மேல்பலகைல பண்ணினா வெடிப்புக்குள்ள சாப்பாட்டுத் துணுக்கும் தூசியும் போய் உக்காந்துடும்.

அடிக்கிறப்ப மெலிசா ரெண்டு கோட், தடியா ஒரு கோட் வேண்டாம். டிராயரோட பக்கவாட்டுக்கும் அது ஓடற கட்டைக்கும் பெயிண்ட் போடாதீங்க, எமல்ஷன் மேல எமல்ஷன் ஒட்டிக்கிற குணம் உண்டு, நம்ம ஊர் புழுக்கத்துல டிராயர் இழுக்கவே வராது. அந்தக் கட்டைல மெழுகுவர்த்திய தேச்சு விட்டா வழுக்கிகிட்டு ஓடும். நேர் வெயில்ல வெச்சு அடிக்க வேண்டாம், மேல் தோல் சீக்கிரம் காய்ஞ்சு கொப்பளம் விடும். ஐப்பசி கார்த்திகை அடை மழைலயும் வேண்டாம், காயவே காயாது. தை பொறந்து பங்குனி வரைக்கும் இந்த வேலைக்கு நல்ல நேரம்.

கடைசி பூச்சு இல்லாம விட்டா சாக் பெயிண்ட் ஒரு மாசத்துல அழுக்கு பிடிச்சுடும், வெரல் தடம் கூட போகாது. ரெண்டு வழி. தேன்மெழுகு கலந்த வுட் வேக்ஸ், பழைய காட்டன் வேட்டித் துணில எடுத்து மெலிசா தடவி, பத்து நிமிஷம் விட்டு நல்லா தேச்சு எடுத்தா தொடறதுக்கு பட்டு மாதிரி இருக்கும். ஆனா சூடு தாங்காது, தேன்மெழுகு 62 டிகிரி கிட்ட உருகிடும், காப்பி டபராவ வெச்சா வட்டம் விழுந்துடும். கண்ணாடி ஃப்ரேம், புத்தக அலமாரி, சாமி மாடத்துக்கு வேக்ஸ் போதும். டைனிங் டேபிள், டீப்பாய், ஸ்டூலுக்கு தண்ணில கரையற மேட் பியூ கிளியர், அதாவது நிறமில்லாத பாலியூரிதேன் வார்னிஷ், மெலிசா மூணு கோட், நடு நடுவுல 320 பேப்பர்ல ஒரு தடவு. எண்ணெ பியூ வெளிர் கலர் மேல மஞ்சளா மாறிடும், வாங்கறப்ப பாத்து வாங்குங்க. வேக்ஸ் போட்ட மேல பியூ பிடிக்காது, அதனால எதுன்னு மொதல்லயே முடிவு பண்ணிடுங்க. ஷூ பாலிஷ் போட்டு பழசா காட்டலாம்னு வீடியோல பாத்திருப்பீங்க, உக்கார்ற சாமானுக்கு வேண்டாம், வெள்ளை வேட்டில ஒட்டிக்கும்.

லின்சீட் ஆயில், எண்ணெ வார்னிஷ் தொடைச்ச துணிய சுருட்டி மூலைல போடாதீங்க, அது காயறப்ப தானே சூடேறி தீப்பிடிக்கும், நெஜமாவே நடக்கிற விஷயம். விரிச்சு கொடில காயப் போட்டுட்டு அப்புறம் தூக்கிப் போடுங்க.

எல்லாம் முடிஞ்சாலும் மூணு வாரத்துக்கு அந்த மேஜைய மென்மையா நடத்துங்க, தொட்டா காய்ஞ்ச மாதிரி இருக்கும், உள்ள இன்னும் இறுகிகிட்டு இருக்கும், கனமான சாமான் வெச்சா அப்படியே பதிஞ்சு ஒட்டிக்கும். பவுடர் கலக்காத எமல்ஷன் மிச்சம் இருந்தா ஒரு சின்ன பாட்டில்ல இறுக்கி மூடி, என்ன கலர் எந்த சாமானுக்குன்னு மேல எழுதி அந்த டிராயருக்குள்ளயே போட்டு வெச்சிடுங்க, எங்கயாவது வேண்டாத எடத்துல பேந்தா கொஞ்சம் பவுடர் கலந்து ஒரு தொடு தொட்டா சரியாகிடும். வேக்ஸ் போட்டதுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு வீட்ட ஒதுக்கறப்ப, இன்னொரு கை வேக்ஸ் தேச்சு விடுங்க.